கடலுக்கு அப்பால் ஒரு சாவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை எழுப்புவது தப்பு மேளம்தான். மணிக்கூடு துரை பங்களாவிலும் ஆபிசிலும் மட்டும் இருந்தது. இருட்டு கலைவதற்கு முன்னால் ஒருவர் எழுந்து, தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றி, வரிசை வீடுகளான மேல்லயத்துக்கும் கீழ்லயத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டில் நின்று அடிப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்புகள் பற்றும். ரொட்டி தட்டி, தேத்தண்ணி குடித்து, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடுவோம். அங்கே துரை முன்னால் நின்றால்தான் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம்.

அடித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் என் மாமனார் அடித்தார். மாமனார் நெஞ்சு வருத்தம் வந்து படுத்த பிறகு இவர் கைக்கு வந்தது. அதற்காக அரைப் பேர் கூடுதலாகக் கிடைக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகிற பேர் தனி.

சாவுக்கும் அவர்தான் அடிப்பார். காலைத் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. காலைத் தப்பு குதித்துக்கொண்டு வரும். சாவுத் தப்பு இழுத்து இழுத்து வரும், நடுவில் ஒரு இடம் விட்டு. அதைக் கேட்டால் எங்கள் தோட்டத்தில் யாரும் மலைக்கு வேலைக்குப் போவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, எந்த வீடு என்று விசாரித்து, அங்கே போய் முகம் காட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வருவார்கள். எத்தனையோ துரைமார் வந்து போனார்கள், ஒருவரும் அந்த வழக்கத்தில் கைவைத்ததில்லை.

சாவுக்கு அடிக்கிறவர்கள் என்பதால் எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, கீழ்லயத்தில் கடைசி. அதற்கு அப்புறம் ஓடைதான். மேல்லயத்து இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், நாங்கள் கால் வைக்க மாட்டோம். மாரியம்மன் கோயிலில் வாசல் மணிக்கு இந்தப் பக்கம் நிற்போம், உள்ளே போக மாட்டோம். அது எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்ததென்று சொன்னால் பொய். மழை பெய்வதைப் போல அதுவும் ஒன்று. ஆனால் என் வீட்டுக்காரர் அடித்தால் எல்கடுவ கடைவீதி வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கடைவீதியில் டீக்கடைகள் இருந்தும் அவர் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மட்டும்தான் போவார். மற்றக் கடைகளில் எங்களுக்குத் தனிக் கிளாஸ், வெளியில் ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். நானா கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ். அந்த நானா பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். ரேடியோவும் வைத்திருந்தார். இவர் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கடை சாத்தும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் அமெரிக்காவில் இருந்த அந்தக் கறுப்புத் தலைவரின் கதை எங்கள் காம்பராவுக்கு வந்தது. ஒரே நாளில் வந்துவிடவில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போன நாளில் கொஞ்சம், கருவாடு வாங்கப் போன நாளில் கொஞ்சம்.

அந்த நாட்டில் கறுப்பு ஜனங்களை ஒரு காலத்தில் சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவந்து தோட்டத்தில் வேலை வாங்கினார்களாம். எங்கள் மாமனார் பாயில் படுத்தபடி அதைக் கேட்டார்.

"தேயிலையா?"

"இல்லப்பா, பஞ்சுத் தோட்டமாம்."

"நம்மள சங்கிலி போடாமக் கொண்டாந்தாங்க. நம்ம தாத்தன் தானா நடந்து வந்தான், மடையன்" என்றார் மாமனார்.

சங்கிலியை அவிழ்த்து விட்ட பிறகும் அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனித் தண்ணீர்க் குழாய், பஸ்ஸில் பின்சீட்டு. டீக்கடையில் உட்கார முடியாது.

"அங்கயும் டீக்கடையிலதானா?" என்று கேட்டேன்.

"அங்கயுந்தான் புள்ள."

அந்தத் தலைவர் பாதிரியாராம். கோயிலில் பிரசங்கம் பண்ணுகிறவர். எல்லோரையும் சேர்த்துக்கொண்டு தெருவில் நடப்பாராம். போலீசு நாயை விட்டுக் கடிக்க வைக்கும், தண்ணீர் பீச்சியடிக்கும், பிடித்து உள்ளே போடும். வெளியே வந்தால் மறுபடி நடப்பாராம்.

"அடிச்சா திருப்பி அடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு."

"அப்பறம் என்ன தலைவரு அவரு?"

அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ ஒருதரம் அடி வாங்கிக்கிட்டு கையக் கட்டிப் பாரு. அப்ப தெரியும் அது என்ன தலைவருன்னு" என்றார். நான் அடி வாங்கித்தான் இருந்தேன், கங்காணியிடம். கையையும் கட்டித்தான் நின்றேன். அது பயத்தில். இவர் சொன்னது வேறு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனவர் போத்தலில் எண்ணெய் இல்லாமல் திரும்பி வந்தார். என்னங்க என்று கேட்டேன்.

"அவர சுட்டுட்டாங்களாம்."

"யார?"

"அந்தப் பாதிரியார. ரேடியோவுல சொன்னான். நானா ரேடியோவ நிப்பாட்டிட்டு, யா அல்லான்னு சொல்லி, கடையச் சாத்திட்டாரு."

எனக்கு இடுப்பில் பிள்ளை, அடுப்பில் பருப்பு. அவர் சாப்பிடாமல் படுத்தார்.

விடிய முன்னால் எழுந்து எப்போதும் போலத் தப்பை எடுத்துக்கொண்டு போனார். நான் மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. இழுத்து வந்தது. ஒரு இடம் விட்டது. மறுபடி இழுத்தது.

என் கை நின்றுவிட்டது. மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் திறந்து கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மாமா."

"நல்லா அடிக்கிறான்" என்றார்.

தோட்டம் முழுக்க அடுப்பு அணைந்தது. மேல்லயத்தார் கீழ்லயத்தில் சாவு என்று இறங்கி வந்தார்கள். கீழ்லயத்தார் மேல்லயத்தில் சாவு என்று ஏறிப் போனார்கள். பாதி வழியில் சந்தித்து ஒருவரை ஒருவர் விசாரித்திருக்கிறார்கள். அடிக்கிறவரை நடுவில் நிறுத்திக் கேட்கிற வழக்கமில்லை. பிறகு யாரோ, எங்கள் மாமனார்தான் ரொம்ப நாளாகப் படுத்திருக்கிறார் என்று சொல்லிவிட, எல்லாருமாக எங்கள் காம்பராவுக்குத் திரும்பினார்கள்.

முன்னால் வந்தது ஒப்பாரி அக்கா. மேல்லயத்து விதவை. ஒப்பாரி சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது, அதனால் அந்தப் பெயர். சரிவில் இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு, மாமனாரின் குணத்தையெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்து பார்த்தால் அவர் சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"வா தாயி" என்றார். "நல்லாத்தான் பாடுற. முழுசாப் பாடிட்டுப் போ, திரும்ப வர வேண்டியதில்ல."

"அட, உசுரோட இருக்கற கெழவனுக்கா என் தொண்டையக் கெடுத்தேன்?" என்று அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பிசைந்த மாவு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

கங்காணி வந்தார். என் வீட்டுக்காரர் தப்போடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"யார்ரா செத்தது?"

"ஒரு தலைவருங்க."

"எந்த லயம்?"

"அமெரிக்காங்க."

கங்காணிக்கு விளங்கவில்லை. அமெரிக்கா என்று பக்கத்தில் ஏதாவது டிவிசன் இருக்கிறதா என்பதுபோல ஆட்களைப் பார்த்தார். பிறகு விளங்கியது. "ஏன்டா, வெளிநாட்டுல எவனோ செத்ததுக்கா இத்தன பேர் அடுப்ப அணைச்சது?"

அதற்குள் பெரட்டு முடிந்துவிட்டது. களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் தவிர யாரும் இல்லை. கொழுந்து மளமளவென்று துளிர் தள்ளி நிற்கிற நேரம். ஓடிப்போய் நின்றவர்களை மத்தியானத்துக்கு மேல்தான் மலைக்கு விட்டார்கள். எல்லோருக்கும் அரைப் பேர். சிரித்தவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அப்போது வெள்ளைக்காரத் துரை இல்லை. நம் நாட்டுத் துரை. தோட்டத்தில் கேட்டுப் பழகிய அரைகுறைத் தமிழ்தான் பேசுவார். என் வீட்டுக்காரரைக் களத்தில் நிற்க வைத்துக் கேட்டார்.

"அவன் உனக்கு சொந்தக்காரனா?"

"ஆமாங்க தொரை."

துரைக்கும் செய்தி தெரிந்திருக்கும், பங்களாவில் பெரிய ரேடியோ இருந்தது. ஆனால் சொன்னது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் ஒழுங்காகப் பெரட்டுத் தப்பு அடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆட்கள் வரவில்லையென்றால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

தோட்டத்தில் வேலை போனால் காம்பராவும் போகும். அது எங்களுக்குப் புதிதில்லை. சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். அப்போது எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது, தாத்தன் விட்டுவந்த நாட்டுதும் கிடையாது. மனுப் போட்டுக் காத்திருந்தோம். இறக்கிவிட்டால் ரோட்டுக்கு அடுத்து எங்கே என்று ஒரு இடம் இல்லை. சின்னப் பிள்ளைகளையாவது இழுத்துக்கொண்டு போகலாம். எழுந்து உட்காரவே இன்னொருவர் கை வேண்டும் மாமனாருக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்கள் வந்தார்கள். மேல்லயத்துப் பெரியவர்கள் வந்து வாசலுக்கு வெளியில் நின்று பேசினார்கள். சாவு இல்லாமல் சாவுத் தப்பு அடித்தால் தோட்டத்துக்கு ஆகாது, மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார்கள்.

"ஒடைக்கிறேன். உள்ளே வந்து ஒடைக்கலாமா?" என்று கேட்டார் இவர்.

அவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள். "ஒருதரம் அடிச்சுட்டு, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போப்பா. கொறஞ்சா போயிருவ?"

அவர்கள் போன பிறகு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"மாமாவ எங்க கொண்டுபோறது?"

தப்பு ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்காமல் அவர் சொன்னார். "அடிக்கிறது எனக்கு வெறுப்பில்ல புள்ள. சாமி மாதிரிதான் அது. ஆனா இவ்வளவு காலமும் சொன்னவங்களுக்கு அடிச்சேன். நேத்து ஒருநாள்தான் யாரும் சொல்லாம, நான் நெனச்ச ஆளுக்கு அடிச்சேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டா, அந்த மனுசனுக்கு அடிச்சதே இல்லைன்னு ஆயிரும். இனி என் கை அதத் தொடாது."

மாமனார் பாயிலிருந்து சொன்னார். "எனக்காகப் பாக்காத. எனக்குத்தான் நேத்தே அடிச்சாச்சே. ஒப்பாரியும் ஆச்சு. இனி எங்க போட்டாலும் ஒண்ணுதான்."

நான் கோபப்பட்டிருக்கலாம். மற்றப் பெண்கள் என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. குளிரில் கொழுந்து பறித்தால் விரல் மரத்துப்போகுமே, பறித்துக்கொண்டே இருக்கும், ஆனால் பறிப்பது தெரியாது. அந்த மாதிரி. பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். மாமனாருக்கு முதுகைத் துடைத்துவிட்டேன். கட்டுகிற மூட்டையைக் கட்டிவைக்கலாமா என்று நினைத்து, அதையும் செய்யவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை அழுது எழுந்தேன். பால் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் பீலிக்குப் போனேன். எப்போதும் அந்த நேரத்தில் பீலியில் குடம் வைக்க இடம் இருக்காது, சண்டை நடக்கும். அன்று ஒரு ஆள் இல்லை. லயங்களில் வெளிச்சமும் இல்லை. பனிமூட்டம் கூரைக்கு மேல் கிடந்தது. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தப்புக்கே பழகிய தூக்கம், தானாக எழும்பாது. எல்லாரும் தூங்கிவிட்டால் களத்தில் ஆள் இருக்காது. களத்தில் ஆள் இல்லையென்றால் எங்கள் வீடு போய்விடும்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கிட்ட இருந்த கதவைத் தட்டினேன். "விடியப்போகுது, எந்திரிங்க" என்றேன். அடுத்த கதவு. அதற்கு அடுத்தது. யோசித்துச் செய்ததில்லை. கீழ்லயம் முடிந்ததும் கால் மேலே ஏறியது. மேல்லயத்துக் கதவைத் தட்ட வேண்டுமென்றால் இஸ்தோப்பில் ஏற வேண்டும். அதனால் தண்ணீர் ஓடுகிற கானுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டேன். என் குரல் எனக்கே யாரோ ஒருத்தி கூப்பிடுவதுபோல இருந்தது.

ஒரு கதவு திறந்தது. ஒப்பாரி அக்கா. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"எவடி அது?"

"நாந்தான்க்கா. நேரமாச்சு. பெரட்டுக்கு வாங்க."

"ஒம் புருசன் எங்க? தப்பு எங்க?"

"தப்பு இல்லக்கா. அவரு அடிக்க மாட்டாரு."

"அப்ப நீயா தப்பு?"

"ஆமா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போன சனிக்கிழம ஒங்களால எனக்கு அரைப் பேரு போச்சு. ஒங்க மாமனுக்கு அழுததுக்கும் ஒண்ணுமில்ல. இன்னைக்கு முழுப் பேரும் போகணுமா?" என்று சொல்லிக்கொண்டே கொண்டையை முடிந்தாள். பிறகு, "சும்மா பூனை மாதிரி கத்தாத. இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன். நீ அங்கிட்டுப் போ" என்றாள். சொல்லிவிட்டு இஸ்தோப்பில் நின்றபடியே ஒரு குரல் எடுத்தாள். மேல்லயம் முழுக்க ஒரே சமயத்தில் கதவு திறந்தது. யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களை, "யாரும் சாகல, பெரட்டுக்குப் போங்கடா" என்று திட்டி விரட்டினாள்.

களத்துக்குத் துரை வரும்போது ஆட்கள் நின்றார்கள். முகம் கழுவாதவர்கள் இருந்தார்கள். ரொட்டியை மடியில் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் கவ்வாத்துக் கத்தியோடு ஆம்பிளை ஆட்கள் வரிசையில் நின்றார். தலையைக் குனியவுமில்லை, நிமிர்த்தவுமில்லை.

துரை கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தப்பு எனக்கு கேக்கலியே."

கங்காணி எங்களைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒப்பாரி அக்கா, "நாங்களே எந்திரிச்சு வந்துட்டோம் தொரை. கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது" என்றாள்.

துரை என் வீட்டுக்காரரிடம் போய் நின்றார். "நீ மன்னிப்பு கேக்கறதா?"

"வேலைக்கு வந்திருக்கேன் தொரை."

அவ்வளவுதான் சொன்னார். நான் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போகும்போது முதலில் எந்தப் பக்கம் திரும்புவது, மேலேயா கீழேயா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பயமாக இல்லை. வழி யோசிப்பது போலத்தான் இருந்தது.

துரை திரும்பிக் கணக்கப்பிள்ளையிடம், "பேர் போடு" என்றார். பிறகு, "தப்புக்குக் குடுக்கற அரைப் பேர் வெட்டு" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

காம்பராவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் இருந்தோம். கொஞ்ச காலத்துக்கு விடியற்காலையில் நானும் ஒப்பாரி அக்காவும் கத்தினோம். அப்புறம் பேக்டரியில் ஒரு சங்கு வைத்தார்கள். சாவுக்கு வேறு தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு யாரும் அடிக்கவில்லை. மேல்லயத்தார் சிலர் எங்களோடு நெடுநாள் பேசவில்லை. கோயிலில் மணிக்கு அந்தப் பக்கம் போக இன்னும் நிறையக் காலம் எடுத்தது. அதற்கு அந்தத் தலைவர் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். எனக்கு அப்போது அந்தத் தலைவரின் முகம்கூடத் தெரியாது. என் பேரப்பிள்ளைகள் இப்போது படத்தைக் காட்டுகிறார்கள். கோட்டுப் போட்ட, கொழுகொழுவென்ற மனிதர். இவருக்கா அடித்தார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எங்களை மேல் மலைக்கு அனுப்பினார்கள். ஒப்பாரி அக்காவின் நிரை என் நிரைக்குப் பக்கத்தில் விழுந்தது. பனி விலகவில்லை. இலையில் ஈரம். இரண்டு பேரும் பேசாமல் பறித்தோம். கூடை பாதி நிறைந்த பிறகு அவள்தான் கேட்டாள்.

"ஏன்டி, அந்த அமெரிக்காக்காரருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா?"

"இருக்காங்களாம். சின்னப் புள்ளைங்களாம்."

"ம்."

கொஞ்சம் தள்ளிப் பறித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்ப அந்த அம்மாவ இனி வீட்ட விட்டு எழுப்பிருவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்டில் வேலை செய்தவர் போய்விட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களா, மாட்டார்களா என்று இவர் சொன்னதே இல்லை. நானா வாசித்ததிலும் அது இல்லை.

"கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

"கேளு" என்றாள் அவள். கங்காணி கீழே இருந்து சத்தம் போட்டார். நாங்கள் நிரையில் முன்னால் நகர்ந்தோம்.